சிறிது நேரம் கழித்து

பெங்களூருக்கு வந்த புதிதில் எனக்கு விநோதமாகப் பட்டது இந்த ஊர் எந்திரங்களின் மரியாதைதான். வைட்ஃபீல்டில் எங்கள் அலுவலகக் கதவு என் அட்டையை ஏற்காவிட்டால் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மன்னிப்புக் கேட்கும். ஏன் ஏற்கவில்லை என்று மட்டும் சொல்லாது. ஆம்பூரில் எங்கள் ரேஷன் கடைக்காரர், "சர்வர் படுத்துக்கிச்சு, நாளைக்கு வாம்மா, உயிர வாங்காத" என்று எரிந்து விழுவார். மரியாதை கிடையாது, காரணம் கிடைக்கும்.

அந்த மன்னிப்புகளை எழுதுவதுதான் என் பிழைப்பு. ஒரு மருத்துவமனைச் செயலியில் கோளாறு வந்தால் திரையில் தோன்றும் தமிழ் என்னுடையது. மருத்துவர் இல்லையென்றால் ஒன்று, இணையம் இல்லையென்றால் வேறொன்று என்று தனித்தனியாகத்தான் எழுதிக் கொடுத்தேன். மேலாளர் மஞ்சுநாத் கன்னடக்காரர், தங்கமான மனிதர். அத்தனையையும் அடித்தார். "எல்லா பாஷைலயும் ஒரே மாதிரி இருக்கணும் மேடம். கன்சிஸ்டென்சி முக்கியம்." சண்டை போட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. எல்லாக் கோளாறுக்கும் ஒரே வாசகம் நின்றது: 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது. சிறிது நேரம் கழித்து மீண்டும் முயலவும்.' ஊருக்குப் போனபோது அம்மா அதைத் தெருவெல்லாம் காட்டினாள், என் பெண் எழுதியது என்று.

அம்மாவுக்குக் கண்ணில் அழுத்தம். அதே மருத்துவமனையின் ஆம்பூர்க் கிளைக்குத்தான் போய்வந்தாள். அங்கிருந்த கண் மருத்துவர் விலகிவிட்டார். இனி வேலூர்க் கிளைக்குத்தான் போக வேண்டும். முன்பதிவு செய்யப் போனவளுக்குச் செயலி அதைச் சொல்லவில்லை, என் வாசகத்தைக் காட்டியது. வலியோடு ஒரு வாரம் காத்துக் காத்து முயன்றிருக்கிறாள். விஷயம் தெரிந்து நான் ஓடிப்போய் வேலூருக்கு அழைத்துப் போவதற்குள் வலது கண் போய்விட்டது.

"எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதாம்மா?"

"கொஞ்ச நேரம் கழிச்சுன்னு நீதானடி எழுதியிருந்த. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்."

திரும்பி வந்து மஞ்சுநாத்திடம் கொட்டித் தீர்த்தேன். அந்த வாசகத்தை மாற்றுங்கள் என்றேன். அவர் கண் கலங்கி, "அய்யோ பாப! லீவ் பேக்கா? தகொள்ளி மேடம்" என்றார், ஐயோ பாவம், லீவு வேண்டுமா, எடுத்துக்கொள்ளுங்கள் என்று. வாசகத்தை மாற்றச் சொன்னால் விடுமுறை தருகிற நல்லவரை என்ன செய்வது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு என் இருக்கைக்குப் போனேன்.

இடது கண்ணையாவது காப்பாற்ற வேண்டும். நேற்று அலுவலகத்தில் இருந்தபோது அம்மா அழைத்தாள். வேலூருக்கு அவளே முன்பதிவு செய்யப் பார்த்திருக்கிறாள்.

"மறுபடியும் அதேதான்டி வருது. இது நீ சொல்றதா, அவங்க சொல்றதா?"