வேலி எடுத்த இட்டேரி

எங்கள் வீட்டிலிருந்து தார் ரோட்டுக்குப் போக ஒரே வழி ஓர் இட்டேரி. இரண்டு பக்கமும் மானாவாரிக் காடுகள், நடுவில் இடுப்பளவு தாழ்ந்த வண்டித்தடம். எருமப்பட்டிப் பக்கம் அதைத்தான் இட்டேரி என்போம். நடந்தால் பத்து நிமிடம். கல்லூரி பஸ்ஸைப் பிடிக்க என் மகள் தினமும் காலையில் ஸ்கூட்டரில் அதில்தான் போக வேண்டும். போன ஐப்பசியில் அந்தத் தடம் அவள் காலடியில் உள்வாங்கியது. காறை எலும்பு முறிந்து, கட்டுப் போட்டு, கட்டையும் அவிழ்த்தாயிற்று. மறுபடி வண்டி எடுக்க அவள் தயார். அனுப்பத்தான் எனக்கு மனம் வரவில்லை.

அவள் பள்ளிக்கூட விடுதியில் தங்கிப் பதினொன்றாம் வகுப்புப் படித்த வருடம் இது தொடங்கியது. அதுவரை இட்டேரியின் இரு கரையிலும் கிளுவை வேலி இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல், முள்ளும் கொடியுமாக. விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒருநாள் அவள் சைக்கிளுக்கு முன்னால் கண்ணாடி விரியன் ஒன்று வேலியிலிருந்து இறங்கிக் குறுக்கே போனது. அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் அன்றிலிருந்து அந்த வேலியை வேறு கண்ணால் பார்த்தேன். எதிர்க்காட்டில் கோழிப்பண்ணை வைத்திருப்பவருக்குத் தீவன லாரி உள்ளே வரத் தடம் அகலமாக வேண்டியிருந்தது. அவர் பல நாளாகக் கேட்டும் அசையாத என் கணவர், நான் கேட்டதும் ஒப்புக்கொண்டார்.

பொக்லைன் ஒரே காலையில் வேலையை முடித்துவிட்டது. ஓட்டுநர் மட்டும் இறங்கி வந்து கேட்டார்.

"வேரையும் தோண்டோணுமுங்களா? தோண்டுனா கரையே பேந்துரும். மேலாப்புல வெட்டி உட்டா காஞ்சு மக்கிரும்."

"மேலாப்புலயே வெட்டுங்க," என்றேன். அவர் கேட்டது என் கணவரிடம். பதில் சொன்னது நான்.

கல் நட்டுக் கம்பி இழுத்தோம். கரைச் சரிவில் நின்ற தூர்களையும் மூடித் தடத்தில் கிராவல் கொட்டி மட்டம் செய்தோம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்வைக்குத் தெரிந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை இப்போது மறைத்துப் பயனில்லை.

முதல் மழைக்காலத்தில் கரையில் விரலால் கீறியதுபோலக் கோடுகள் விழுந்தன. அடுத்த வருடம் அந்தக் கோடுகளில் என் உள்ளங்கை போனது. காட்டில் விழுகிற தண்ணீர் முன்பெல்லாம் வேலித் தூரில் முட்டி, சருகில் தங்கி, மெல்லத்தான் கீழே இறங்கும். இப்போது அதை நிறுத்த ஒன்றுமில்லை. கொல்லிமலைப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தால் அரை மணி நேரத்தில் இட்டேரி முழுக்கச் செந்தண்ணீர் ஓடும். மழை விட்டபின் தார் ரோட்டு முனையில் எங்கள் காட்டு மண் விசிறிபோலப் பரந்து கிடக்கும். டீக்கடைக்காரர் அதை வாரியெறிந்துகொண்டே, "உங்க காட்டுக்கு இனிமே எங்க கடையிலதான் ஏர் ஓட்டோணும்," என்பார். நாங்களும் சிரிப்போம். என் கணவர் மறுபடி கிராவல் அடிப்பார். இரண்டு மழைக்கு அது தாங்கும். பிறகு அதுவும் போகும். இப்படியே நான்கு வருடம். அலுத்துப் போனோம் என்பதுதான் உண்மை. தினம் பார்க்கிற இடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்போது கண்ணுக்கு அது பழகிவிடுகிறது.

அன்று காலை மழை விட்டிருந்தது. மகள் கிளம்பினாள். நான் வாசல் கேட்டில் நின்றேன், வழக்கம்போல. அவள் கூப்பிடு தூரம் தாண்டுவதற்குள் எதிரே தீவன லாரி திரும்பியது.

"சாமி, ஓரமா ஒதுங்கி நில்லு. லாரி வருது," என்று மகளைப் பார்த்துக் கத்தினேன்.

அவள் ஒதுங்கி, காலூன்றி நின்றாள். லாரி அவளைத் தொடவேயில்லை. இருபதடி தள்ளியே நின்றுவிட்டது. ஆனால் அவள் நின்ற இடம் இல்லை. ஸ்கூட்டரும் அவளும் ஒரே சமயத்தில் கீழே போனார்கள். சத்தம்கூடப் பெரிதாக இல்லை. ஈர மூட்டையைக் கீழே வைத்ததுபோல ஒன்று.

நான் ஓடிப் போவதற்குள் லாரி ஓட்டுநர் குழிக்குள் இறங்கி வண்டியைத் தூக்கிப் பிடித்திருந்தார். அவர் தோளுயரக் குழி. மேலே ஒரு சாண் கனத்துக்குக் கிராவல் பொருக்கு. அதற்குக் கீழே வெறும் பொந்து. அதன் சுவரில் விரல் நுழைகிற துளைகள், கை நுழைகிற துளைகள். சிலவற்றிலிருந்து இன்னும் தண்ணீர் வடிந்தது. ஒன்றின் வாயில் மக்கிய கிளுவை வேரின் பட்டை உறைபோல ஒட்டியிருந்தது. வேர் செத்து மக்கிய வழியெல்லாம் தண்ணீர் புகுந்து, உள்ளே இருந்த மண்ணைக் கரைத்துக் கொண்டுபோயிருக்கிறது. நடுத்தடம் லாரிச் சக்கரம் ஏறி ஏறிக் கெட்டிப்பட்டிருந்தது. ஓரம்தான் கூடு.

ஆஸ்பத்திரியில் என் கணவர், "நீ கத்துனதுனாலதான் லாரிக்குத் தப்பிச்சா," என்றார். அவருக்கும் எனக்கும் அது அப்படியில்லை என்று தெரியும். மகள் கட்டுக்குள்ளிருந்தபடி, "என்னைய நட்டு வெச்சுப் பாத்துச்சுங்கம்மா அந்த மண்ணு. முளைக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் உட்ருச்சு," என்றாள். நர்ஸ் சிரித்தார். நான் வெளியே வந்து நின்றேன்.

பண்ணைக்காரர் பார்க்க வந்தார். போகும்போது மெல்ல என்னிடம், "ஏனுங்க, பாம்பு வருதுன்னு வேலியெடுத்தமே. இப்ப அது குடியிருக்க ஊடே கட்டிக் குடுத்துட்டமுங்க," என்றார். குத்தலாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. தன் செலவில் லாரி லாரியாகக் கல் கொண்டுவந்து பொந்தை நிரப்பியவரும் அவர்தான். என் கணவர் கரையோரம் கிளுவைப் போத்துகளை வெட்டி வந்து நட்டார். பாதி துளிர்த்தது. அது வேர் பிடித்துக் கரையைத் தாங்க எத்தனை வருடமாகும் என்று தெரியாது.

கட்டு அவிழ்த்ததிலிருந்து தினமும் காலையில் நான் கடப்பாரையால் தடத்தைக் குத்திப் பார்த்தபடி முன்னால் நடப்பேன். அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வருவாள். நான்கு நாளில் மூன்று நாள் பஸ் போய்விடும். டீக்கடையில் இருப்பவர்கள் கடப்பாரையைப் பார்த்து, "இன்னைக்குக் கெணறு எங்கீங்க வெட்டறது?" என்பார்கள்.

போன வாரம், கல் நிரப்பிய இடத்தருகே நின்றுவிட்டேன். வேலியை எடுக்கச் சொன்னது நான்தான் என்று அவளிடம் சொன்னேன். அப்பாவும் பண்ணைக்காரரும் லாரிக்காக எடுத்தார்கள் என்றுதான் அவளிடம் அதுவரை சொல்லி வைத்திருந்தேன். வேரை விட்டுவிடச் சொன்னதையும் சொன்னேன்.

"தெரியுமுங்க," என்றாள். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீங்க வெளிய போயிருந்தப்பவே அப்பா சொல்லிட்டாங்க."

"ஏன் சாமி எங்கிட்ட ஒண்ணுமே கேக்கல?"

"கேட்டா நீங்க இன்னொரு வேலியப் புடுங்குவீங்க. இல்லாட்டி ரோட்டயே வேண்டாம்பீங்க." அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். "தள்ளி நில்லுங்கம்மா. பரீட்சை இருக்குது, பஸ்ஸ உட முடியாது. நடுத்தடத்துலயே போறேன்."

எதைச் சொன்னாலும் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. தள்ளி நின்றேன். கடப்பாரையைக் கரையில் சாய்த்தேன். அவள் போவதைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேட்டேன். கிராவலில் நரநரவென்று, மெதுவாக, ஓரிடத்தில் நின்று, மறுபடி கிளம்பி. பிறகு தார் ரோட்டில் ஏறியதும் சத்தம் வழுவழுப்பாகிவிட்டது. அதன் பின்னும் சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். நாளைக்கும் அவள் போக வேண்டும்.