விழுந்த கல்லின் வயது

பதினெட்டு வருடமாக அந்த ஆய்வகத்தில் கல் இடிப்பவள் அவள். மலைகளிலிருந்து வரும் துண்டுகளை இயந்திரத்தில் போட்டு நொறுக்கிச் சலித்துக் கொடுப்பாள். மேல்மாடியில் அந்தப் பொடியைச் சூடாக்கி, வெளிவரும் ஒருவகை நியான் வாயுவை அளப்பார்கள். வானத்துக் கதிர்கள் படப்படத்தான் கல்லுக்குள் அந்த வகை நியான் சேரும். அதன் அளவை வைத்து, கல் எவ்வளவு காலம் வெட்டவெளியில் கிடந்தது என்று சொல்லிவிடலாம்.

செங்குத்துப் பாறைக்கு அடியில் நாற்பது கூலித் தொழிலாளர் வீடுகள். அங்கே கிடக்கும் பெருங்கற்கள் எப்போது விழுந்தவை என்று அரசு கேட்டிருந்தது. சமீபத்தில் விழுந்தவை என்றால் எல்லோருக்கும் மாற்று இடம் தர வேண்டும். அதில் ஒரு வீடு அவள் தம்பியுடையது.

அங்கிருந்து வந்த துண்டுகளைப் பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. எல்லாவற்றிலும் பழுப்பேறிய பழைய தோல். உடைந்த வெள்ளை முகம் ஒன்றில்கூட இல்லை. உளிக்கு வாகாக இருந்த பக்கத்தில் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

“சார், இது மேல பாறையோட இருந்தப்பவே வெயில் பார்த்த பக்கம். விழுறப்போ உடைஞ்ச பக்கத்துல எடுத்தாத்தான் விழுந்த காலம் தெரியும்.”

“கல்லை இடிக்கச் சொன்னா கல்லுக்கு ஜாதகம் கணிக்கிறியேம்மா!” என்றார் ஆய்வகத் தலைவர். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

கற்கள் விழுந்து முப்பதாயிரம் வருடம் என்று அறிக்கை போனது. மாற்று இடம் தேவையில்லை என்று உத்தரவு வந்தது.

“எங்க வீட்டுக்கு வந்துடுடா” என்றாள் தம்பியிடம்.

“உன் ஆபீஸே முத்திரை குத்திக் கொடுத்திருக்கு. நீ ஏன்க்கா வயித்துல புளியைக் கரைக்கிற?”

அந்த வருட மழையிலேயே பாறை இறங்கியது. தம்பியும் அவன் மனைவியும் வீட்டோடு நசுங்கிப் போனார்கள். இயற்கையின் சீற்றம் என்று அதிகாரிகள் கையை விரித்தார்கள். கல் விழுந்தது இயற்கைதான். அதன் அடியில் ஆட்களைக் குடியிருக்க வைத்ததும் இயற்கையா?

தம்பி வீட்டின்மேல் விழுந்த கல்லின் பழுப்புத் தோலில் அவள் ஒரு துண்டு பெயர்த்தாள். இடித்து, எண் போட்டு, மற்ற பொடிகளோடு மேல்மாடிக்கு அனுப்பினாள். யாரும் கேட்கவில்லை. நான்கு மாதம் கழித்து வந்த முடிவுத் தாளைத் தலைவரின் மேஜைமேல் வைத்தாள்.

“இது எப்போ விழுந்த கல்லு சார்?”

“முப்பத்தோராயிரம் வருஷம் போட்டிருக்கே. ஏன்?”

“என் தம்பி செத்து நாலு மாசம்தான் சார் ஆச்சு.”

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். “வெளிய காட்டிடாதேம்மா. உன் வேலையை நினைச்சுப் பாரு.”

“முப்பத்தொன்பது வீட்டுக்கும் நகல் கொடுத்துட்டுத்தான் வர்றேன்.”

மறுநாள் வாசலிலேயே அவளைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டிருக்கிறார்கள். விசாரணைக்கு இன்னும் தேதி கிடைக்கவில்லை. அடுத்த மாதம் மழை தொடங்குகிறது.