செடிங்க சாப்பிட்டாச்சு

காலையில் என் கைப்பேசி சிணுங்கினால் அது குணாவின் வேலையாகத்தான் இருக்கும். சிரித்துக்கொண்டேதான் எடுப்பேன். போன செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் எடுத்தேன். பேசியது அவர் மனைவி மாலா. "அக்கா, அவரு போயிட்டாரு. தூக்கத்துலயே போயிட்டாரு" என்றாள். கிள்ளான் பக்கம் மேருவில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர் செடி விற்பவர்கள், மீதிப் பேர் குழாய் விற்பவர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆளுக்கொரு சிரிப்புக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். குணாவை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. என் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன்.

சுங்கை பூலோவில் நான் செடி நர்சரி வைத்திருக்கிறேன். அதற்குத் தானாகத் தண்ணீர் பாய்ச்சும் குழாய்களைப் போட்டுக் கொடுத்தவர் குணசேகரன். ஒருமுறை நான் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் குழாய் ஒன்று வெடித்து, செம்பருத்திக் கன்றுகள் தொட்டியோடு மிதந்தன. அதன் பிறகு நான் ஓர் இரவுகூட வெளியே தங்காமலே இருந்தேன். ஜொகூரில் இருக்கும் என் மகள் முழுகாமல் இருந்தபோது போனில் கேட்டாள்: "என் பிரசவத்துக்காவது வருவீங்களாம்மா, இல்ல செடிங்கதான் ஒசத்தியா?" குணாவிடம் போய்ப் புலம்பினேன்.

"இதுக்கா இவ்ளோ கவல? ஃப்ளோ சென்சார் வெச்சிடலாம் அக்கா" என்றார். "குழாயில எவ்ளோ தண்ணி ஓடுதுன்னு அது பாத்துக்கிட்டே இருக்கும். குழாய் ஒடஞ்சு அதிகமா ஓடுச்சுன்னா, உடனே வால்வ மூடிட்டு நம்ம ரெண்டு பேருக்கும் மெசேஜ் அனுப்பும். நீங்க நிம்மதியா பேரப்பிள்ளைய கொஞ்சுங்க லா."

பொருத்த வந்த அன்று முதல் சண்டையே என் நாற்காலிக்காகத்தான். சென்சாருக்கு முன்னாலும் பின்னாலும் குழாய் கொஞ்ச தூரம் வளையாமல் நேராகப் போக வேண்டுமாம். அப்படி நேராகப் போன ஒரே இடம் நான் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிக்கும் மூலை. "வளைஞ்சு வர்ற தண்ணி சுழிச்சுக்கிட்டு வரும், கணக்கு தப்பாயிடும். அது பேசுறது கேக்கணும்னா அத நிதானமா நடக்க விடணும் அக்கா" என்று என் நாற்காலியைத் தூக்கி வேலியோரம் போட்டார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வாரம் வெயிலில் உட்கார்ந்து குடித்தவள் நான்.

சென்சாரை வைத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு வரிசையாகத் திறந்துவிட்டு, வழக்கமான ஓட்டம் இவ்வளவுதான் என்று அதற்குப் பழக்க வேண்டும். குணா பழக்கிக்கொண்டிருந்தபோதே வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: நாளை முதல் தண்ணீர்த் தடை. கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தச் செய்தி வந்தால் யாருக்கும் கைகால் ஓடாது. தெரு முழுக்கக் குழாய்கள் திறந்தன. நான் பின்பக்கம் டிரம்களை ரொப்பினேன். குணா ஒரு கையால் சென்சாரைப் பார்த்துக்கொண்டு, மறு கையால் எனக்கு வாளி தூக்கிக் கொடுத்தார். நடுவில் மாலாவுக்குப் போன் போட்டு, "இருக்குற அண்டா குண்டா எல்லாத்தையும் ரொப்பு" என்று கத்தவும் செய்தார். கடைசியில், "ஆச்சு அக்கா, கத்துக்கிருச்சு" என்றார்.

தடை நீங்கித் தண்ணீர் நன்றாக வந்ததும் வந்தது வினை. வால்வு திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. செடிகள் தலையைத் தொங்கப் போட்டன. நான் ஜொகூருக்குப் புறப்பட வேண்டிய நேரம் அது, பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. மகளிடம் என்ன சொல்வது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. குணாவைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். வந்தார், சென்சாரைப் பார்த்தார், பின்பக்கம் இன்னும் தண்ணீர் மீந்திருந்த டிரம்களைப் பார்த்தார்.

"இதெல்லாம் எப்ப ரொப்புனது?"

"நீ சென்சார் வெச்ச அன்னிக்குத்தான்! நீதானே வாளி தூக்குன!"

அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். "ஊரே தண்ணி புடிச்ச நாள்ல போய் அதுக்குப் பாடம் எடுத்திருக்கோம் அக்கா. அன்னிக்குக் குழாயில நூலு மாதிரிதான் வந்திருக்கும். இப்ப ஒழுங்கா வர்ற தண்ணிய பாத்து, குழாய் ஒடஞ்சிருச்சுன்னு பதறுது." எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எல்லா வரிசையையும் திரும்பப் பழக்கினார். அந்த நேரத்தில் என்னைக் கை கழுவக்கூட விடவில்லை.

கைப்பேசிக்கு வரும் செய்திகளை நம் இஷ்டம்போல் எழுதிக்கொள்ளலாம். காலைத் தண்ணீர் முடிந்ததும் எங்கள் இருவருக்கும் வருவதற்கு அவர் எழுதிவைத்தது இது: 'செடிங்க சாப்பிட்டாச்சு. நீங்க சாப்பிட்டாச்சா?'

நான் ஜொகூருக்குப் போனேன். பேத்தியை முதலில் கையில் வாங்கியது நான்தான். ஒரு நாள் அவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது வேறொரு செய்தி வந்தது: 'குழாய் ஒடஞ்சிருச்சு. மூடிட்டேன். பயப்படாதீங்க.' பின்னால் எடுத்த லோரி ஒன்று குழாயின் மேல் ஏறிவிட்டதாம். நான் பதறிப்போய் அழைப்பதற்குள் குணா பாதி வழியில் இருந்தார். மதியம் ஒரு படம் அனுப்பினார். குழாயை ஒட்டி முடித்துவிட்டு, என் நாற்காலியில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு செடிகூடச் சாகவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையும் அந்த வழக்கமான செய்தி வந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். சற்று நேரத்தில் மாலா கூப்பிட்டாள்.

"அக்கா, இவரு போனுக்கு மெசேஜ் வருது. செடிங்க சாப்பிட்டாச்சாம். இத நிப்பாட்டச் சொல்லணுமா?"

"வேணாம் மாலா. கேக்குறாருல்ல, பதில் சொல்லு. நீ சாப்பிட்டியா?"

"இல்லக்கா. நேத்திலேருந்து ஒண்ணும் எறங்கல."

"நானும் சாப்பிடல. தோசை வாங்கிக்கிட்டு வரேன். அடுப்புல தண்ணி வை."

குணாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். தினமும் காலையில் அது எங்கள் இருவருக்கும் ஒன்றாக வருகிறது. முதலில் பார்ப்பவர் மற்றவரைக் கூப்பிடுகிறோம்.