தொண்ணூற்றேழுக்கு அடுத்தது

முப்பதுகளின் தொடக்கம். மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மாதமாக ஒரே எண்ணைப் பற்றித்தான் பேச்சு: பத்து லட்சத்து ஒன்று. அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அது பகா எண், ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாது என்பது அவர் கட்சி. அதை நிலைநாட்ட, ஆயிரம் வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். தினமும் மாலையில், "தொண்ணூத்தேழு, மீதி இருபத்தெட்டு" என்று வாய்விட்டுச் சொல்லியபடியே எழுதுவார். சமையலறையில் அம்மா காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். எனக்கு அப்போது எட்டு வயது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்கு முடிந்தது. எதனாலும் வகுபடவில்லை. அப்பா அழகான கையெழுத்தில் ஒரு கட்டுரை எழுதி, கணிதப் பத்திரிகை ஒன்றின் விலாசமிட்ட உறையில் போட்டு ஒட்டினார். மறுநாள் காலை லஸ் முனைத் தபாலாபீஸில் சேர்ப்பதாக இருந்தார்.

அம்மா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். தரையில் அடுப்புக்கரியால் போட்ட நீளமான வகுத்தல் ஒன்று. அம்மா பள்ளிக்கூடம் போனவள் அல்ல. தம்பிகள் பாடம் படித்தபோது பக்கத்திலிருந்து கேட்டவள்.

"தொண்ணூத்தேழுக்கு அப்புறம் நூத்திமூணுக்குப் போயிட்டார். நூத்தியொண்ணை விட்டுட்டார். அதால வகுத்தா மீதியே இல்லைடீ. அப்பாகிட்டச் சொல்லு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே."

"நீயே சொல்லேன்மா."

"பத்திரிகைக்காரா சிரிக்கறதுக்கு முன்னாடி போய்ச் சொல்லு" என்று ஈரத்துணியால் தரையைத் துடைத்தாள்.

நான் போய், "அப்பா, நூத்தியொண்ணால வகுத்தேளா?" என்றேன்.

அப்பா சிரித்தார். பிறகு பென்சிலை எடுத்தார். ஈவு ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று. கீழே மீதி பூஜ்யம்.

"உனக்கு யார் சொன்னா?"

"நானேதான்பா."

அவர் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். உறையை நான்காகக் கிழித்தார்.

அம்மாவின் ரகசியத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமை எனக்குப் பல நாள் இருந்தது. அப்பா அதற்குப் பிறகும் தினமும் கணக்குப் போட்டார்; ஆனால் வாய் திறப்பதில்லை. பென்சில் ஓடும் சத்தம் மட்டும் வரும். அம்மா நறுக்குவதை நிறுத்திவிட்டு, கூடத்துப் பக்கம் காதைக் கொடுத்தபடி சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பாள். யாரும் எதுவும் பேசாதபோது அம்மா எதைக் கேட்கக் காத்திருக்கிறாள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.