திவ்யா செஞ்ச குக்கீ

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பிரவுசிங் சென்டரில் இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கிறது.

நேற்று எங்கள் குரோம்பேட்டை ஃப்ளாட்ஸில் வீட்டுக்கு ஒரு டப்பா குக்கீ செய்து கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் அந்தந்த வீட்டுப் பிள்ளையின் பெயரை ஐசிங்கில் எழுதினேன். விரலெல்லாம் மரத்துப்போனது.

எதிர் வீட்டு சரோஜா ஆன்ட்டி டப்பாவை முகர்ந்து பார்த்தார்.

"முட்டை போட்டியா?"

"போட்டிருக்கேன் ஆன்ட்டி."

"அப்ப வேலைக்காரிக்குக் குடுத்துடறேன். உனக்கு வேற வேலையே இல்லையா?"

இன்று சாயங்காலம் அவர் மகள் திவ்யாவைப் பெண் பார்க்க வந்தார்கள். அக்கம்பக்கத்தில் நாலு பேர் இருக்கட்டும் என்று என்னையும் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், வெள்ளித் தட்டில் என் குக்கீ!

"எல்லாம் எங்க திவ்யா செஞ்சது. பாருங்க, பேர்கூட எழுதியிருக்கா."

என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

மாப்பிள்ளையின் அம்மா ஒன்றைக் கையில் எடுத்தார். "நாங்க சுத்த சைவம். முட்டை சேர்க்கலையே?"

"ஐயோ, எங்க வீட்டுக்குள்ள முட்டையே வராதுங்க" என்ற ஆன்ட்டி, என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார்.

"நிஜம்தாங்க" என்றேன். "முட்டையெல்லாம் எங்க வீட்லதான். இந்த குக்கீயும் எங்க வீட்லதான் செஞ்சது."

அந்தம்மா குக்கீயைத் தட்டில் வைத்தார். மாப்பிள்ளை மட்டும் மூன்றாவதை மென்றுகொண்டிருந்தார்.

என் டப்பா இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. திருப்பி வாங்கப் போகணும், யாராவது துணைக்கு வருகிறீர்களா?