‘தொர உள்ள இல்ல’

விலைக் கட்டுப்பாட்டு அதிகாரி ஹார்ட்லி துரை மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலுள்ள கேப் கோஸ்ட்டை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய் கடலுக்கு ஓய்வு நாள், எவனும் படகை இறக்க மாட்டான் என்று எத்தனையோ பேர் சொல்லியும் கேட்காமல், பெட்டிகளோடு கரையில் வந்து நின்றார். மதியம்வரை நின்றுவிட்டுக் கடைசியில் கருவாட்டு லாரியில் ஏறினார். ஊரே வேடிக்கை பார்த்தது.

அராபா மான்சா மட்டும் சந்தையை விட்டு நகரவில்லை. ஒரு முழம் துணிகூட இல்லாத தன் கடைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனிக் கிடங்கிலிருந்து துணி எடுக்கும் அனுமதிச் சீட்டை அவளிடமிருந்து துரை பிடுங்கி மூன்று வாரமாகியிருந்தது.

அவள் நூல் நூற்றதில்லை, சாயம் தோய்த்ததில்லை. சீமையிலிருந்து கப்பலில் வரும் அச்சுத்துணிக்குப் பெயர் வைத்து விற்பாள். புதுப் பொதியைப் பிரித்ததும், கோலாக் கொட்டையை மென்றபடி துணியையே பார்த்துக்கொண்டிருப்பாள். சுற்றிலும் பெண்கள் காத்திருப்பார்கள். பெயர் வாயிலிருந்து விழுந்ததும் பொதி காலி. மஞ்சள் பறவைகள் போட்ட துணிக்கு ‘நாத்தனார் காதுல விழட்டும்’ என்று பெயர். அதை உடுத்திக்கொண்டு நாத்தனார் வாசலில் இரண்டு தடவை நடந்தால் போதும், வாய்ச்சண்டை மிச்சம்.

போர் வந்தது. கப்பல்கள் குறைந்தன, உத்தரவுகள் கூடின. பெயரைச் சொல்லி விலையை ஏற்றுகிறார்கள் என்று துரை கண்டுபிடித்தார். அது உண்மைதான். இனி துணியின் கம்பெனி எண்ணைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டினார்.

“நம்பர் ஜெயில்ல இருக்கறவனுக்குப் போடறதுடி. நாலாயிரத்துப் பதினேழக் கட்டிக்கிட்டு எவ கல்யாணத்துக்குப் போவா?” என்றாள் அராபா.

அடுத்த கப்பலில் வந்த துணி முழுக்கக் காலி நாற்காலிகள். துரையின் அலுவலக வாசலில் சீட்டுக்காக நாள்கணக்கில் நின்று, குமாஸ்தா ஈஷுனிடம் தினமும் ஒரே பதிலை வாங்கிவந்த பெண்கள் அதைப் பார்த்தார்கள். அராபா வாயைத் திறக்கவே தேவையிருக்கவில்லை. இருந்தும் திறந்தாள்.

“தொர உள்ள இல்ல.”

இரண்டே நாளில் எல்லாம் போயிற்று. துரைக்குத் தெரியாமலே போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஈஷுனின் மனைவி அதை உடுத்தித் தேவாலயத்துக்கு வந்தாள். நன்றாக இருக்கிறதே, இது என்ன துணி என்று துரையே கேட்டார். ஈஷுன் அவசரமாக எண்ணைச் சொன்னான். அவன் மனைவி பெயரைச் சொன்னாள். திங்கட்கிழமை அராபாவின் சீட்டு பறிபோயிற்று.

மற்ற வியாபாரிகள் எண்ணைச் சொல்லி விற்றுப் பார்த்தார்கள். வந்தவர்கள் துணியைத் தடவி, “அராபாக்கா இதுக்கு என்ன சொன்னாங்க?” என்று கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பழையதற்கே ஒட்டுப்போட்டுக் கட்டினார்கள். அராபா வாழையிலையில் சோளமாவு கட்டி அவித்து, கென்கே விற்றுப் பிழைத்தாள். ஊரிலேயே மோசமான கென்கே. வாங்கியவர்களே அவள் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள்.

ஹார்ட்லி துரை போய்ப் பதினான்கு மாதம் கழித்து, புது அதிகாரியின் கடிதத்தோடு ஈஷுன் வந்து நின்றான். கிடங்கில் இருநூறு பொதி பூஞ்சை பிடிக்கிறதாம். சீட்டைத் திருப்பித் தருகிறார்களாம். ‘வழக்கமான முறையில்’ விற்க அரசாங்கத்துக்கு ஆட்சேபம் இல்லையாம். கூடவே ஒரு மாதிரித் துண்டு: கழுத்து நீண்டு வயிறு பருத்த சுரைக்காய்கள், வரிசை வரிசையாக.

“ஒரு பேரச் சொல்லுங்கக்கா. கையோட எழுதிட்டு வரச் சொன்னாரு தொர.”

அராபா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டாள். துண்டை வாங்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி, ஈஷுனின் நீண்ட கழுத்தில் தொடங்கி வயிறுவரைக்கும் நிதானமாகப் பார்த்தாள்.