ஒரு லேபும் ஐந்து துறைகளும்

கங்கைகொண்டான் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்கும் படித்துவந்தேன். என் ஆராய்ச்சி இதுதான்: பல கணினிகள், ஒவ்வொன்றுக்கும் தன் நிபந்தனை மட்டும்தான் தெரியும். தங்களுக்குள் செய்தி அனுப்பி, எல்லாவற்றுக்கும் ஒத்துவரும் விடையை அவை தேட வேண்டும். அந்தத் தேடலை வேகமாக்குவது என் வேலை. என் நிரலோ சின்னக் கணக்கிலேயே செக்குமாடாகச் சுற்றியது.

விஷயம் கல்லூரி முதல்வர் காதுக்குப் போனது. "உம்ம ஆராய்ச்சி இதானவே? அப்ப நம்ம லேப் டைம்டேபிளப் போடும்."

ஒரு லேப், ஐந்து துறைகள். என் கணினிகளைப் போலவே யாரும் காரணம் சொல்ல வேண்டாம், ஒரு நேரத்தைக் கேளுங்கள், மோதினால் மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். மூன்று துறைகள் உடனே ஒதுங்கிக்கொண்டன. மெக்கானிக்கல் தலைவரும் சிவில் தலைவியும் புதன் காலையில் மோதினார்கள். இருவருமே மரியாதைக்காரர்கள். நான் மாடி ஏறி இறங்கினேன்.

"மேடம், சார் உங்களுக்காக வியாழனுக்குப் போயிட்டாரு."

"அடடா, நான் அவருக்காகல்லா வியாழன் கேட்டிருக்கேன்."

மறுபடி இருவரும் ஒன்றாகப் புதனுக்குத் திரும்பினார்கள். மூன்றாவது மோதலில் மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"இனி நான் மாற மாட்டேன். புதன் எனக்கு. மத்தவங்க என்னயப் பாத்து மாறிக்கிடட்டும்."

பத்தே நிமிடத்தில் டைம்டேபிள் தயார்.

அன்று மாலையே அதை நிரலில் எழுதினேன்: மோதலில் மாட்டிக்கொண்டவருக்கு முதலிடம், மற்றவர்கள் அனுசரிக்க வேண்டும். முடிவே இல்லாமல் ஓடிய கணக்கு, காபி ஆறுவதற்குள் முடிந்தது. மிதந்துகொண்டே பாளையங்கோட்டையில் என் நெறியாளர் வீட்டுக்குப் போனேன்.

அவர் படித்துவிட்டுச் சொன்னார்: "நல்லாருக்குவே. ஆனா நீரு பள்ளிக்கூடம் போகையிலேயே இதக் கட்டுரையா எழுதிட்டாங்க."

எனக்குக் காற்று இறங்கிவிட்டது. தாள்களை மடிக்கும்போது அவர் கேட்டார், "மொத தடவ மாட்டுனதுமே மேல தூக்கிருதீரா?"

"இல்ல சார், மூணாவது தடவ."

"ஏன் மூணு?"

அது மேடத்தின் பொறுமையின் அளவு என்று எப்படிச் சொல்வது? "சும்மா வச்சுப் பாத்தேன் சார்."

"அதப் பிடியும். எத்தன தடவ பொறுக்கணும்னு யாரும் சரியாப் பாக்கல. ஓட்டிப் பாரும்."

பல மாதங்கள் ஓட்டினேன். பெரும்பாலான கணக்குகளுக்கு இரண்டே சிறந்தது என்று வந்தது. மேடம் ஒரு தடவை கூடுதலாகப் பொறுத்திருக்கிறார்.

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் அவரையும் சேர்த்தேன். பார்த்துவிட்டுக் கேட்டார், "நான் என்ன செஞ்சேன்?"

"கோவப்பட்டீங்க மேடம்."